நீருக்கும் புல்லுக்கும் நடுவே

செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். மதுராந்தகத்துக்குத் தெற்கே, ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த தாங்கலுக்குப் போய்ச் சேரும்படி அடுக்கடுக்காக நீர்நிலைகள் அமைந்த ஊர்களில் ஒன்றில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் ஊரில் எதையும் ஏரியை வைத்தே சொல்வார்கள். வீடு எங்கே என்று கேட்டால் மதகுக்குக் கிழக்கே என்பார்கள். எந்த வருஷம் கல்யாணம் நடந்தது என்று கேட்டால் ஏரி கோடி போன வருஷம் என்பார்கள். அந்த ஏரியின் ஓரத்திலும் அது பாயும் வயல்களிலும் வருஷம் முழுக்க எங்களோடு இருந்த ஒரு சின்ன உயிரைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தண்ணீரையும் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க நான் கற்றுக்கொண்டேன்.

அது மஞ்சள் ஊசித்தட்டான். ஆணின் வால் முழுவதும் ஒரு புள்ளிகூட இல்லாத எலுமிச்சை மஞ்சள். மார்பும் கண்ணும் இளம் பாசிப்பச்சை. பெண் மங்கிய பழுப்பு நிறம், புல்லுக்குள் உட்கார்ந்தால் தேடத்தான் வேண்டும். தலையிலிருந்து வால்நுனி வரை அளந்தால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். பெரிய தட்டான் உட்காரும்போது இறக்கைகளை இரு பக்கமும் விரித்து வைத்திருக்கும். ஊசித்தட்டான் மேலே சேர்த்து மூடிக்கொள்ளும். தட்டானின் கண்கள் பெரும்பாலும் தலை உச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும். தட்டானுக்குப் பின்னிறக்கை அகலம், ஊசித்தட்டானுக்கு முன்னும் பின்னும் ஒரே வடிவம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் எந்தக் குளக்கரையில் நின்றாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

பெரியம்மாவோடு களையெடுக்கப் போன நாட்களில்தான் நான் அதை நின்று பார்த்தேன். சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்ததும் களையெடுப்பு வரும். பெண்கள் வரிசையாகக் குனிந்து நகர நகர, தூருக்குத் தூர் மஞ்சள் மஞ்சளாக எழும்பும். உயரப் போகாது. இரண்டடி தள்ளி அடுத்த தாளில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊர்ப் பையன்கள் பெரிய தட்டானைப் பிடித்து நூல் கட்டி விடுவார்கள். ஊசித்தட்டானை அவர்களும் தொட மாட்டார்கள், விரல் பட்டாலே ஒடிந்துவிடும் உடம்பு. ஒருநாள் நான் அதைப் பிடிக்கக் கை நீட்டினேன். பெரியம்மா நிமிராமலே சொன்னாள்: “அத்த வுடுடி. அது பாட்டுக்குப் பூச்சி பொறுக்கட்டும்.”

பெரியம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் எது வயலுக்கு ஆகும், எது ஆகாது என்பதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டு ஆண்கள் மருந்து வாங்கப் போவார்கள். அவள் சொன்னதைப் பிறகு நான் எத்தனையோ காலைகளில் கண்ணால் பார்த்தேன். பெரிய தட்டான் வெட்டவெளியில் பறந்து பறந்து பூச்சியைப் பிடிக்கும். ஊசித்தட்டான் இலைகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்து, இலையில் ஒட்டிக்கொண்டிருப்பதை எடுக்கும். தத்துப்பூச்சிக் குஞ்சு, சின்ன அந்து, கொசு, ஈ என்று எதுவும் அதற்குத் தள்ளுபடி இல்லை. முள் முள்ளாக மயிர் முளைத்த கால்களைக் கூட்டிப் பிடித்தால் இரை தப்பாது. பிடித்த பிறகு தாளின் நுனியில் உட்கார்ந்து நிதானமாக மென்று தின்னும். அதைவிடச் சின்ன ஊசித்தட்டான் இனங்களையே அது பிடித்துத் தின்றதையும் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கப் போனபோதுதான் அதன் அறிவியல் பெயர் தெரிந்தது: செரியாகிரியான் கோரமண்டலியானம். நூலகத்தில் ஃபிரேசர் எழுதிய மூன்று தடித்த தொகுதிகள் இருந்தன. அவர் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர். குடகிலும் நீலகிரியிலும் ஓடையோடையாக அலைந்து, இந்தியாவின் தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அந்தத் தொகுதிகளில் வரிசைப்படுத்தி வைத்தார். எங்கள் வயலின் மஞ்சள் பூச்சியும் அதில் இருந்தது. அதை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு எழுதியவர் ஃபாப்ரீசியஸ், 1798-ல். அவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர், லின்னேயஸிடம் படித்தவர். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. அங்கிருந்து கப்பலேறிப் போன பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். இந்தப் பூச்சிக்குச் சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே வைத்தார்.

அந்த ஆண்டு என் மனத்தில் நின்றுவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வேடந்தாங்கல். அந்த ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்கிற உரிமை ஊராருடையது என்று அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்தில் கொடுத்ததும் 1798-ல்தான். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது வேடந்தாங்கல் உழவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. நாரையும் கூழைக்கடாவும் கண்ணுக்குத் தெரியும்படி மரத்தில் உட்கார்ந்தன, அவற்றுக்கு ஓர் ஆணை கிடைத்தது. கோரைக்குள் உட்கார்ந்த ஊசித்தட்டானுக்கு அதே ஆண்டில் ஒரு பெயர் மட்டும் கிடைத்தது. பறவைக்கும் மீனுக்கும் வயலுக்கும் நடுவே எத்தனை சின்ன உயிர்கள் வேலை செய்கின்றன என்பதை அன்று யாரும் எழுதிவைக்கவில்லை.

என் கண்ணைத் திறந்துவிட்டது கல்லூரியில் நடந்த ஒரு செய்முறை வகுப்பு. எங்கள் பேராசிரியை குளத்திலிருந்து ஒரு கை வேலம்பாசியை அள்ளி வரச் சொன்னார். அதை வெள்ளை எனாமல் தட்டில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள் என்றார். முதலில் பாசி மட்டும்தான் தெரிந்தது. பிறகு பாசி நடந்தது. பச்சையும் பழுப்புமாக, குச்சியாக ஓர் உடம்பு, ஆறு கால், வால்நுனியில் இலை வடிவத்தில் மூன்று தகடுகள். அதுதான் ஊசித்தட்டானின் இளம்பருவம். வயலில் பறக்கிறதே, அதன் குழந்தை தண்ணீருக்குள் வளர்கிறது என்பது அன்று எனக்குப் புதுச்செய்தி.

அந்த மூன்று தகடுகளும் நீரிலிருந்து உயிர்வளியை வாங்க உதவுகின்றன. உடம்பைப் பக்கவாட்டில் வளைத்து நீந்தும்போது துடுப்பும் அவைதான். எதிரி ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டால் அதை அங்கேயே விட்டுவிட்டுத் தப்பித்துவிடும், அடுத்தடுத்த தோலுரிப்புகளில் புதிதாக முளைத்துவிடும். தலைக்கு அடியில் அதன் கீழுதடு முழங்கையை மடித்ததுபோல மடிந்து கிடக்கிறது. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் கண் இமைப்பதற்குள் அது நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் கவ்வி, வாய்க்கு இழுத்து வந்துவிடும். பேராசிரியை ஒரு கொசுப்புழுவைத் தட்டில் விட்டார். இருந்த இடத்தில் இல்லாமல் போனது புழு. நாங்கள் எல்லோரும் தலையை நெருக்கிக்கொண்டு மறுபடியும், மறுபடியும் என்று கேட்டோம்.

பிறகு நான் ஆசிரியையாகி, மாவட்டத்துக்குள்ளேயே பல அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். எந்தப் பள்ளிக்கு மாற்றலானாலும் ஆய்வகத்து ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும். அடியில் கொஞ்சம் ஏரி வண்டல், ஒரு கொத்து வேலம்பாசி, ஏறி வருவதற்கு இரண்டு கோரைத்தாள், அதற்குள் சில இளம்புழுக்கள். பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் நெளியும் கொசுப்புழுக்களை வடிகட்டியில் பிடித்து வந்து போடுவது பிள்ளைகளின் வேலை. கொசு எங்கே பிறக்கிறது, அதை எது தின்கிறது என்ற இரண்டு பாடங்களும் அந்தத் தொட்டியில் ஒன்றாக நடந்தன. இந்தக் குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரை மக்கள் வேலைக்கே வைத்ததுண்டு. யாங்கூன் நகரத்தில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தட்டானின் இளம்புழுக்களை விட்டு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைக் குறைத்துக் காட்டிய ஆய்வு 1990-ல் வெளிவந்தது. அதை நான் வகுப்பில் சொன்னபோது, எங்கள் வீட்டுத் தொட்டியிலும் விடலாமா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். குடிதண்ணீருக்கு மூடிதான் முதல் காவல், மூட முடியாத குளத்துக்கும் குட்டைக்கும் இதுதான் காவல் என்று சொன்னேன்.

தண்ணீருக்குள் வளர்ந்த உயிர் வெளியே வரும் காலை எனக்கு எப்போதும் பெரிய நாள். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் இளம்புழு கோரைத்தாளைப் பிடித்துக்கொண்டு நீர்மட்டத்துக்கு மேலே வந்து நிற்கும். கால்களை நன்றாகப் பதித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மார்புக்கு மேலே தோல் நீளவாக்கில் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக முதலில் மார்பும் தலையும் வரும், பிறகு கால்கள். கால்கள் இறுகும்வரை அப்படியே காத்திருந்து, பிறகு முன்னே எட்டிப் பழைய தோலைப் பிடித்து, வாலை உருவி எடுத்துக்கொள்ளும். சுருங்கிக் கிடந்த இறக்கைகளுக்குள் உடம்பின் நீர் பாய, அவை கண்ணெதிரே விரியும். அப்போது மஞ்சளும் இல்லை பச்சையும் இல்லை, வெளிறிய உடம்பும் பளபளக்கும் இறக்கையும்தான். நிறம் ஏறச் சில நாட்கள் ஆகும். தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தோலுக்குள் வெள்ளை நூல் நூலாகத் தெரிவது அதன் மூச்சுக்குழாய்களின் உட்பூச்சு. மூச்சு விட்ட வழியைக்கூட உரித்துப் போட்டுவிட்டுப் போகிற உயிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த இளம்பறவைகளை — பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் — நாங்கள் கொண்டுபோய் விடும் இடம் நீரோரம் இல்லை. கரைக்கு இந்தப் பக்கம், புல்லும் நீர்முள்ளியும் மண்டிய பள்ளத்தில் விடுவோம். முற்றாத உடம்போடு தண்ணீர் அருகில் இருந்தால் பெரிய தட்டானும் தவளையும் விடாது. இயற்கையிலும் அவை அப்படித்தான் செய்கின்றன. புல்லுக்குள் ஒதுங்கிச் சில நாட்கள் தின்று தேறி, நிறமேறிய பிறகு தண்ணீருக்குத் திரும்புகின்றன. மார்கழி விடியலில் வரப்போரம் நடந்தால் அவை இரவைக் கழித்த இடம் தெரியும். புல்தாளோடு தாளாக ஒட்டி, உடம்பெல்லாம் பனித்துளியோடு அசையாமல் இருக்கும். வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். அந்த நேரத்தில் வரப்பைச் செதுக்கினால் எத்தனை உயிர் போகும் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, வரப்பு வெட்டும் வேலையை அவள் வெயிலேறிய பிறகுதான் தொடங்கச் சொல்வாள்.

ஆணும் பெண்ணும் கூடுவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்க நிறையப் பொறுமை வேண்டும். ஆண் தன் வால்நுனிக் கொடுக்குகளால் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். பெண் வாலை வளைத்து ஆணின் வயிற்றின் முன்பகுதியைத் தொடும். இரண்டு உடம்பும் சேர்ந்து ஒரு வளையம். ஆணின் விந்து உண்டாகும் இடம் வால்நுனிக்கு அருகே, அதைக் கொடுக்கும் உறுப்பு மார்பை ஒட்டிய இரண்டாம் கணுவில். ஆகவே முன்கூட்டியே தன் உடம்புக்குள் இடம் மாற்றி வைத்துக்கொள்கிறது. பூச்சியுலகில் இந்த ஏற்பாடு தட்டான் குலத்துக்கு மட்டுமே உரியது. 1979-ல் ஜோனதன் வாகே என்ற அமெரிக்க விலங்கியலாளர் வேறோர் ஊசித்தட்டான் இனத்தை ஆராய்ந்து, பெண்ணிடம் முன்பு கூடிய ஆணின் விந்தை அடுத்து வரும் ஆண் வெளியே எடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை வைக்கிறது என்று காட்டினார். கூடி முடிந்த பிறகும் ஆண் ஏன் பெண்ணை விடாமல் முட்டையிடும் இடம்வரை கூடவே போகிறது என்பது அதன் பிறகு விளங்கிற்று.

எங்கள் தாங்கலில் அல்லி இலை மிதக்கும் ஓரத்தில் அந்தக் காட்சி கிடைக்கும். இணை இலையில் வந்து இறங்கும். பெண் இலையைக் காலால் பிடித்துக்கொண்டு வாலை வளைத்து நீருக்குள் விட்டு, இலைச் சதையையும் தண்டையும் கீறி ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகும். ஆண் அதன் கழுத்தைப் பற்றியபடி, எதிலும் கால் ஊன்றாமல் நட்டக்குத்தலாக நிற்கும். ஓர் இணை இறங்கிய இடத்தைப் பார்த்து மற்ற இணைகளும் அங்கேயே வந்து இறங்கும். தின்ன வரும் தவளை முதலில் எதைப் பிடிப்பது என்று அறியாத அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு. முட்டை செடிக்குள் இருப்பதால் காயாது, மீனுக்கும் எளிதில் எட்டாது. இந்த இடத்தில்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: செடி இல்லாத தண்ணீரில் இந்தப் பூச்சி முட்டையிட வழியே இல்லை.

அது தின்கிறது என்பதைச் சொன்னேன். அது தின்னப்படுவதும் அதே அளவுக்கு முக்கியம். தண்ணீருக்குள் இருக்கும்போது குறவையும் மடையானும் நீர்வண்டும் அதைத் தின்கின்றன. வெளியே வந்தால் பஞ்சுருட்டான், தவளை, ஓணான், சிலந்தி, பெரிய தட்டான். அதன் மார்புக்கு அடியில் சில சமயம் சிவப்பு மணிகளாக ஒட்டியிருப்பவை நீர்ச்சிற்றுண்ணிகள். இளம்புழு தண்ணீருக்குள் இருக்கும்போதே அதன்மேல் ஏறிக் காத்திருந்து, தோலுரிக்கும்போது புது உடம்புக்கு மாறி, அதன் சாற்றை உறிஞ்சி வளர்ந்து, அது முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்பும்போது கீழே விழுந்து தன் வாழ்க்கையைத் தொடர்கின்றன. ஏரியின் அடியில் மக்கிய இலையைத் தின்ற சின்னப் புழுவை ஊசித்தட்டானின் இளம்புழு தின்கிறது. அது வளர்ந்து இறக்கையோடு கரையேறுகிறது. அதைப் பஞ்சுருட்டான் கொத்திக்கொண்டு போய்க் குஞ்சுக்குக் கொடுக்கிறது. ஏரிக்கு அடியில் இருந்த சத்து இப்படி மரக்கிளைக்கும் வயலுக்கும் வந்து சேர்கிறது. ஏரித்தண்ணீர் மதகு வழியாகத்தான் வயலுக்கு வருகிறது என்று நினைத்திருந்தேன். ஏரியின் வளம் இறக்கை கட்டிக்கொண்டும் வருகிறது என்பதை இந்தப் பூச்சியிடம் படித்தேன்.

வயலில் அது செய்யும் வேலையை உலகம் புரிந்துகொள்ள வைத்தது புகையான். தூரின் அடியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சி விழுந்தால், பச்சை வயலில் வட்ட வட்டமாகக் கருகிப் போன திட்டுகள் தெரியும். எண்பதுகளில் எங்கள் பக்கத்து வயல்களிலும் அந்தத் திட்டுகளைப் பார்த்தேன். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. காரணம் நுட்பமானது. புகையானின் முட்டை தாளின் உறைக்குள் பொதிந்திருப்பதால் மருந்து அதை எட்டாது. வெளியே இருக்கும் சிலந்தியும் நீர்மேல் ஓடும் பூச்சிகளும் ஊசித்தட்டானும் முதலில் சாகும். பிறகு பொரிக்கும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. இந்தோனேசியா இதைக் கண்டறிந்து 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மறு ஆண்டு பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் உழவனுக்கு உதவும் பூச்சிகளையும் சிலந்திகளையும் படத்தோடு காட்டும் ஒரு கையேட்டை வெளியிட்டது. அதில் ஊசித்தட்டானுக்கும் ஓர் இடம் உண்டு. அவற்றின் இளம்புழு வயல் நீரிலிருந்து நெற்தாளில் ஏறி வந்து தத்துப்பூச்சிக் குஞ்சுகளைப் பிடிக்கும் என்று அதில் படித்தபோது பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். நீருக்கு உள்ளேயும் மேலேயும், தாளின் அடியிலும் நுனியிலும், குழந்தையும் பெரியதுமாகச் சேர்ந்து ஒரே வயலைக் காக்கும் குடும்பம் அது.

என் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், அந்தக் காலத்தில் மருந்தடிக்கும் கருவியைத் தோளில் மாட்டாமல் வயலுக்குப் போனதில்லை. அவரிடம் நான் பாடம் நடத்தவில்லை. ஒரு சொர்ணவாரிப் பட்டத்தில், ஓரத்து வயல் ஒன்றை மட்டும் எனக்காக மருந்தில்லாமல் விடும்படி கேட்டேன். சாயங்காலம் இருவரும் வரப்பில் நின்று இரண்டு வயலையும் பார்ப்போம். மருந்தில்லாத வயலில் கால் வைத்தால் மஞ்சள் எழும்பும், மற்றதில் எழும்பாது. அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுத்த பட்டத்தில் மருந்து வாங்கும் முன் தூரைப் பிரித்துப் பார்த்து, தின்கிற பூச்சி எவ்வளவு, காக்கிற பூச்சி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாங்கலைச் சீரமைத்தார்கள். தூர் வாரியது நல்ல காரியம். வண்டல் வயலுக்குப் போயிற்று, தண்ணீர் கூடுதலாக நின்றது. ஆனால் அதோடு கரையைச் சுற்றிக் கோரையையும் சம்பையும் வேரோடு எடுத்துவிட்டு, நீர்மட்டம் வரைக்கும் கல் பதித்தார்கள். மேலே நடைபாதை வந்தது, விளக்கு வந்தது. ஊர் மக்கள் சாயங்காலம் காற்று வாங்க வந்தார்கள். அந்தப் பருவத்தில் நான் கரையைச் சுற்றி நடந்தபோது கல் பதித்த பக்கம் முழுக்க ஒரு மஞ்சள் ஊசித்தட்டானும் கண்ணில் படவில்லை. தண்ணீர் முன்பைவிடத் தெளிவாக இருந்தது. முட்டையிடச் செடி இல்லை, ஏறி வரத் தாள் இல்லை, ஒதுங்கி வளரப் புல் இல்லை. அந்த உயிருக்கு மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த தலைமுறை இல்லை.

வரத்துக்கால் வந்து சேரும் மூலையில் மட்டும் கல் பதிக்கவில்லை. அங்கே கோரை மிச்சமிருந்தது, அதோடு அவையும் இருந்தன. அந்த மூலையையும் முடித்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசினேன். தாங்கலில் மீன் பிடிக்கும் குடும்பத்தார் எனக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தார்கள். கெண்டைக் குஞ்சும் அயிரையும் ஒதுங்குவதும் அந்தக் கோரைக்குள்தான். அது போனால் மீன் போகும் என்பது அவர்கள் கவலை. பூச்சியைப் பற்றிய என் பேச்சும் மீனைப் பற்றிய அவர்கள் பேச்சும் ஒரே இடத்தில் சேர்ந்தன. மூலை தப்பியது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் கல் இடுக்குகளில் வண்டல் படிந்து, அங்கங்கே கோரை மறுபடி தலை காட்டிற்று. மஞ்சளும் மெல்லப் பரவத் தொடங்கியது.

இந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பது இல்லை. சிந்துவெளியிலிருந்து தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிறது, மலையடிவாரத்திலும் நகரத்துப் பூங்காவிலும் கிடைக்கிறது. சித்திரையில் ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கும்போதும் மதகடிக் கசிவிலும் கிணற்றுமேட்டுப் புல்லிலும் தாக்குப்பிடிக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2021-ல் தட்டான்கள், ஊசித்தட்டான்கள் 6,016 இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. நன்னீர் நிலங்கள் அழிவதே முதல் காரணம். நம் மஞ்சள் ஊசித்தட்டான் அந்த ஆபத்துப் பட்டியலில் சேரவில்லை, அதைக் குறித்துக் கவலை வேண்டாம் என்பதே அதன் நிலை.

அப்படியானால் எதற்காக இத்தனை பேச்சு என்று என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, இப்போது அவளும் ஆசிரியை, கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஓர் இனம் உலகத்தில் எங்கோ இருக்கிறது என்பது வேறு, நம் வயலில் இருக்கிறது என்பது வேறு. அரிய இனம் ஒன்று மலையோடையில் சிலவாக வாழ்ந்தாலும் அதைக் காப்பது நம் கடமை. ஆனால் கொசுப்புழுவைக் குறைப்பதும், தத்துப்பூச்சியைப் பொறுக்குவதும், பஞ்சுருட்டானுக்கும் குறவைக்கும் உணவாவதும் சிலவற்றால் ஆகிற காரியம் இல்லை. அதற்குக் கூட்டம் வேண்டும். நிறைய இருப்பதுதான் இந்த உயிர் செய்யும் தொண்டு. நிறைய இருப்பது குறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆனால், எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது. வயலில் வேலை நின்றுபோயிருக்கும்.

ஆகவே ஏரி, குளம், தாங்கல் சீரமைக்கும் எல்லோரிடமும் நான் கேட்பது மிகச் சின்னது. தூர் வாருங்கள், கரையைப் பலப்படுத்துங்கள், வெங்காயத்தாமரை மூடியிருந்தால் அகற்றுங்கள். வரத்துக்கால் சேரும் பக்கத்தையாவது கல் பதிக்காமல் விடுங்கள். அங்கே கோரையும் அல்லியும் வேலம்பாசியும் இருக்கட்டும். கரைக்கு வெளியே ஒரு பட்டைப் புல்லை வெட்டாமல் வையுங்கள். வயலுக்கு மருந்து வாங்கப் போகும் முன் ஒரு தூரைப் பிரித்துப் பாருங்கள். பார்வைக்குக் குப்பையாகத் தெரியும் அந்த ஓரம்தான் ஏரியின் பேறுகால அறை. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அளக்க மதகில் அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த ஓரத்தில் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் நடங்கள்.